மணற்பலகை முதல் மின்பலகை வரை

வகுப்புக்கு ஒரு மின்பலகை வேண்டும் என்னும் பேச்சு நம் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் எழுந்துள்ளது. நன்கொடைச் சீட்டுகளும் அச்சாகிவிட்டன. விரலால் தொட்டால் எழுத்துத் தோன்றும், படம் அசையும், பாட்டும் கேட்கும். அண்டைப் பள்ளிகள் சிலவற்றில் அப்பலகை வந்துவிட்டது என்றும், நம்மிடம் அது இல்லாமையால்தான் முதலாம் ஆண்டில் சேர வேண்டிய பிள்ளைகள் வேறிடம் நாடிச் செல்கின்றனர் என்றும் பெற்றோர் சிலர் கூட்டத்தில் எடுத்துரைத்தனர். அவர்தம் கவலை பொய்யன்று. 1957ஆம் ஆண்டு இந்நாடு விடுதலை பெற்றபோது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று இருப்பவை ஏறத்தாழ 530. அவற்றுள்ளும் பாதிக்கு மேற்பட்டவை 150க்கும் குறைவான மாணவரைக் கொண்டவை. குளுவாங் வட்டாரத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்கள் வெறிச்சோடின, குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. பள்ளியின் பெயரில் மட்டும் தோட்டம் நிற்க, பிள்ளைகள் வேனில் வந்து இறங்கும் காட்சி இன்று எங்கும் உண்டு. இந்நிலையில் ஒரு பிள்ளை வேறு பள்ளிக்குப் போனாலும் அது நமக்கு இழப்பே.

ஆயினும், திரட்டும் பணத்தை மின்பலகைக்கே முதலில் செலவிடுவதை நாம் ஒப்பவில்லை. பழைமைப் பற்றினால் இவ்வாறு கூறுகிறோம் என்று எவரும் எண்ண வேண்டா. வகுப்பறைக்குக் கருவி வருவது நல்லதே. எந்தக் கருவி, யார் கையில் இருக்கும், அதைக் கொண்டு பிள்ளை என்ன செய்யும் என்னும் கேள்விகளைக் கேட்காமலே வாங்கிவிடுவதுதான் தீது.

கருவி என்றவுடன் மின்சாரத்தால் இயங்குவதையே இக்காலத்தில் எண்ணுகிறோம். நம் முன்னோரின் திண்ணைப் பள்ளிகளிலும் ஒரு கருவி இருந்தது. அதுதான் மணல். பிள்ளை தரையில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை எழுதும், வாயால் சொல்லும், தவறினால் கையால் அழித்து மீண்டும் எழுதும். தாளும் இல்லை, செலவும் இல்லை. முன்னே கற்ற மாணாக்கன் பின்னே வந்தவனுக்குக் கற்றுக்கொடுப்பான். சட்டாம்பிள்ளை என்னும் சொல் இன்றும் நம் வழக்கில் இருக்கிறதன்றோ?

இதைக் கண்டு வியந்த வெள்ளையர் ஒருவர் உண்டு. சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்காக நடத்தப்பட்ட விடுதிப் பள்ளிக்கு 1789ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியாரே அவர். 'மலபார்' பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதிப் பயில்வதை அவர் பார்த்தார். (அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் மலபார் என்றே வழங்கினர்.) அம்முறையைத் தம் பள்ளிக்குக் கொண்டுவர விழைந்தார். துணையாசிரியர் இணங்கவில்லை. உடனே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து, சிறியவர்களுக்கு எழுத்துக் கற்பிக்கும் பணியை அவனிடமே ஒப்படைத்தார். வேலை நடந்தது. தாயகம் திரும்பிய பெல் 1797இல் இதைப் பற்றி ஒரு சிறு நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. ஸ்காட்லாந்தில் 'மதராஸ் கல்லூரி' என்னும் பெயரால் ஒரு பள்ளி இன்றும் இருக்கிறது. திண்ணையில் பிறந்த முறை கடல் கடந்து பட்டம் சூட்டிக்கொண்ட கதை இது.

அக்கதைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. ஓர் ஆசிரியரைக் கொண்டு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் செலவின்றிப் பயிற்றலாம் என்பதற்காகவே ஆங்கில நாட்டுச் செல்வர்கள் அதை விரும்பினர். வரிசை வரிசையாக அமர்த்தி, ஒருமித்துக் கூவ வைத்து, பிள்ளைகளை இயந்திரங்களாக ஆக்கினர் என்ற பழி அம்முறைக்கு நேர்ந்தது. அதே மணல், அதே சட்டாம்பிள்ளை. ஆனால் நோக்கம் மாறிற்று. இதை நினைவில் வைத்துக்கொண்டு நம் நாட்டுக்கு வருவோம்.

1972ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள், துன் அப்துல் ரசாக் பிரதமராக இருந்த காலத்தில், கல்வித் தொலைக்காட்சி ஒளிபரப்பு இங்கே தொடங்கப்பட்டது. மின்சாரம் எட்டாத தோட்டப் பள்ளிகளும் அன்று இருந்தன. அந்நாளில் பயின்ற தாத்தா பாட்டிமார் சிலர் இம்மலரைப் படிக்கக்கூடும். பெட்டியைச் சுற்றிச் சம்மணமிட்டு அமர்ந்தது அவர்களுக்கு நினைவிருக்கும். அது பெரிய முயற்சி. காணாத கடலையும் எரிமலையையும் சிற்றூர்ப் பிள்ளைகளுக்குக் காட்டியது. எனினும் ஒளிபரப்புப் பத்து மணிக்கு என்றால், வகுப்பின் பாடமும் பத்து மணிக்கே அவ்விடத்தில் வந்து நிற்க வேண்டும். "ஐயா, விளங்கவில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால் பெட்டி நிற்காது. ஆசிரியர்தான் பின்னர் விளக்க வேண்டும்.

அதன் பின் வந்தவற்றைச் சுருங்கச் சொல்வோம். 1999இல் விவேகப் பள்ளித் திட்டம் சுமார் 90 பள்ளிகளில் வெள்ளோட்டம் விடப்பட்டது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டபோது, ஆசிரியர்களுக்கு மடிக்கணினியும், சுவரில் படம் வீழ்த்தும் கருவியும், குறுவட்டுப் பாடங்களும் வழங்கப்பட்டன. அக்கொள்கையைக் கைவிடுவதென 2009இல் முடிவாயிற்று. குறுவட்டுகள் அலமாரிக்குப் போயின. 2011இல் ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணையத்தால் இணைக்கும் '1பெஸ்தாரிநெட்' வந்தது. அதனுடன் 'ஃபிராக்' என்னும் மெய்நிகர் கற்றல் தளமும் வந்தது. 2019இல் அதுவும் முடிவுற்றது. 2020இல் 'டெலிமா' தளம் தொடங்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் ஆசிரியர் புதிய கடவுச்சொல்லை மனனம் செய்தனர். பழையதில் சேர்த்து வைத்த பாடங்கள் புதியதற்கு வந்து சேர்ந்தனவா என்பதை அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் நேர்ந்ததன்று. நூல்கள் விரைவில் பள்ளியைவிட்டு நீங்கும், படக்காட்சியே எல்லாவற்றையும் கற்பிக்கும் என்று 1913ஆம் ஆண்டிலேயே எடிசன் உரைத்தார். நூற்றாண்டு கடந்தும் நூல்கள் நீங்கவில்லை. தென் அமெரிக்காவின் பெரு நாடு, பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்னும் திட்டத்தில் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளை வாங்கியது. முந்நூறுக்கு மேற்பட்ட கிராமப்புறப் பள்ளிகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, கணிதத்திலோ மொழியிலோ முன்னேற்றம் தென்படவில்லை என்று கூறியது. கணினியை இயக்கும் திறன் வளர்ந்தது, அது மெய். ஆனால் கணக்கு வரவில்லை. பெட்டியை இறக்கிவிட்டு, கற்பிக்கும் முறையை இருந்தபடியே விட்டுவிட்டால் வேறென்ன விளையும்?

அவ்வாறாயின், முறையை மாற்றிப் பார்த்தவர் எவரேனும் உண்டா? உண்டு. தமிழ்ப் பிள்ளைகளிடையே, தமிழ் வழியே, மிகப் பெரிய அளவில் நடந்த முயற்சி அது. நம் பெற்றோர் பலர் அறியாதது என்பதால் சற்று விரித்துரைக்கிறோம்.

ஆந்திர மாநிலத்தின் மதனப்பள்ளிக்கு அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷிவேலிப் பள்ளி இருக்கிறது. அதைச் சூழ்ந்த சிற்றூர்களில் ஏழைப் பிள்ளைகளுக்காகச் சிறு பள்ளிகள் தொடங்கப்பட்டன. ஒரே ஆசிரியர், ஒரே அறை, பல வயதுப் பிள்ளைகள். ஆட்டை ஓட்டிக்கொண்டு போன பிள்ளை நான்கு நாள் வராது. பாடநூலை வைத்துக்கொண்டு அனைவரையும் ஒரே பக்கத்துக்கு இழுத்துச் செல்வது இயலாத செயல். ஆகவே பத்மநாப ராவும் அவர்தம் துணைவியார் ரமாவும் பாடநூலைப் பிரித்து அட்டைகளாக்கினர். ஒவ்வோர் அட்டையிலும் பிள்ளை செய்ய வேண்டிய சிறு செயல் ஒன்று இருக்கும். அட்டைகளை வரிசைப்படுத்திக் காட்டும் ஏணி ஒன்று சுவரில் தொங்கும். தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதைப் பிள்ளையே ஏணியில் பார்த்து, அதற்குரிய அடையாளமுள்ள அட்டையை எடுத்துச் செய்து, அடுத்த படிக்கு ஏற வேண்டும்.

சென்னை மாநகராட்சியின் ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் இம்முறையை 2003ஆம் ஆண்டில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டு அது 264 பள்ளிகளுக்குப் பரவியது. 2007ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டின் 37,000க்கும் மேற்பட்ட பள்ளிகளில் முதல் நான்கு வகுப்புகளுக்கும் அதுவே முறையாயிற்று. 'செயல்வழிக் கற்றல்' என்று அதற்குப் பெயர்.

அவ்வகுப்பறையைச் சற்றே மனக்கண்ணால் காணுங்கள். நாற்காலி மேசை இல்லை, பாய் விரித்திருக்கிறது. பெரிய கரும்பலகை ஆசிரியர் உயரத்துக்கு இல்லை. சுவரைச் சுற்றித் தாழ்வாக, பிள்ளையின் உயரத்துக்கு, ஆளுக்கோர் இடமாகத் தீட்டப்பட்டிருக்கிறது. ஆசிரியர் குழுவோடு குழுவாகத் தரையில் அமர்ந்திருக்கிறார். புதிய பாடம் தொடங்கும் பிள்ளைகள் அவர் அருகில். ஓரளவு தேறியவர்கள் தோழரோடு. நன்கு தேறியவர்கள் தனியே. வருகையைப் பிள்ளைகளே பதிவு செய்கின்றனர். அவர்கள் வரைந்தவை தலைக்குமேல் கட்டிய கம்பியில் தொங்குகின்றன. இங்கே ஒரு மின்கருவியும் இல்லை. ஆயினும் இதுவும் தொழில்நுட்பமே. மிக நுட்பமான தொழில்நுட்பம்.

அதன் சிறப்பு எங்கே இருக்கிறது? காய்ச்சலால் பத்து நாள் வராத பிள்ளையை எண்ணிப் பாருங்கள். நம் வகுப்புகளில் அப்பிள்ளை திரும்பி வரும்போது கழித்தல் முடிந்து பெருக்கல் நடந்துகொண்டிருக்கும். விட்டதைப் பிடிக்க முடியாமல், வெட்கத்தால் கேட்கவும் முடியாமல், அது பின்வரிசைக்குப் போய்விடும். பின்வரிசைக்குப் போன பிள்ளை ஆறாம் ஆண்டு வரை அங்கேயே இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். ஏணி முறையிலோ அது விட்ட படியிலேயே காலை வைக்கும். யாரும் அதை மக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. விரைந்து கற்கும் பிள்ளையும் மற்றவருக்காகக் கொட்டாவி விட்டுக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. பதின்மூன்று பள்ளிகளில் விருப்பத்தோடு நடந்த செயல், முப்பத்தேழாயிரம் பள்ளிகளுக்கு ஆணையாகப் போனபோது அதன் உயிர் சற்றே குன்றியது. பிள்ளைகள் மிகுந்த வகுப்புகளில் ஒவ்வொருவரும் எப்படியில் இருக்கிறார் என்று குறித்துக்கொள்வதே பெரும் பாடாயிற்று. கிழிந்த அட்டைக்குப் புதிய அட்டை வரவில்லை என்றனர் சிலர். புத்தகமும் இல்லை, வீட்டுப்பாடமும் இல்லை, பிள்ளை விளையாடிவிட்டு வருகிறதே என்று பெற்றோர் வருந்தினர். எழுத்தும் வாசிப்பும் எதிர்பார்த்தவாறு உயரவில்லை என்ற குறையும் எழுந்தது. முறை பலவாறு மாற்றப்பட்டது. பெருந்தொற்றினால் நேர்ந்த இழப்பைச் சரிசெய்ய 2022இல் முதல் மூன்று வகுப்புகளுக்கு 'எண்ணும் எழுத்தும்' என்னும் புதிய திட்டம் அங்கே வந்தது. பெல்லின் மணலுக்கு நேர்ந்தது விஜயகுமாரின் அட்டைக்கும் ஓரளவு நேர்ந்தது எனலாம். அட்டைக்கும் மந்திர ஆற்றல் கிடையாது. பிள்ளைகள் குறைவாகவும், ஆசிரியர் விருப்பத்தோடும் இருக்கும் இடத்தில்தான் அது பலன் தருகிறது.

பெற்றோர்களே, அத்தகைய இடம் எது? நம் பள்ளிதான்! ஒரு வகுப்பில் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்களே என்று நாம் தலைகுனிகிறோம். சென்னையில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஆசிரியர் செய்ய முடியாமல் திணறியதை, நாம் எட்டுப் பேரை வைத்துக்கொண்டு எளிதாகச் செய்யலாம். முப்பது பேருக்கும் குறைந்த பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணவரை ஒன்றாக அமர்த்தும் கூட்டு வகுப்பும் உண்டு. அதைத் தண்டனையாகவே யாவரும் கருதுகின்றனர். ரிஷிவேலிச் சிற்றூர்ப் பள்ளிகள் அனைத்தும் கூட்டு வகுப்புகளே. பெரியவன் சிறியவனுக்குச் சொல்லித்தருவது அங்கே பாடத்திட்டத்தின் பகுதி.

காலமும் இடம் தருகிறது. முதல் மூன்று ஆண்டுகளுக்கான தேர்வுகள் 2019இலும், யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இலும் நீக்கப்பட்டன. இப்போது ஆசிரியரே வகுப்பறையில் பிள்ளையை மதிப்பிடுகிறார். "எத்தனை ஏ?" என்று கேட்ட காலம் சட்டப்படி முடிந்துவிட்டது. (தேர்வு போயிற்று, பயிற்றிப் புத்தகம் மட்டும் போகவில்லை. வீட்டுக்கு நான்கு இருக்கின்றன.) மேலிருந்து பூட்டியிருந்த கதவு திறந்திருக்கும்போது நாம் உள்ளேயே உட்கார்ந்திருப்பது ஏன்?

செயல்வழிப் பாடத்துக்கு வேண்டிய பொருளைத் தேடி நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. நம் ஊரின் பெயரையே எடுத்துக்கொள்வோம். 'கெலுவாங்' என்பது பழம் தின்னும் பெரிய வௌவாலின் மலாய்ப் பெயர். அதனால்தான் இவ்வூர் குளுவாங் ஆயிற்று. மின்பலகையில் வௌவாலின் படத்தை இரண்டு நிமிடம் காட்டலாம், பிள்ளைகள் கைதட்டுவர், பாடம் முடிந்தது. அல்லது, "முன்னாளில் இவ்வூரில் வௌவால்கள் எங்கே தங்கின? இப்போது எங்கே?" என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு வரச் சொல்லலாம். வௌவால் டுரியான் பூவில் தேன் குடிக்க வந்து மகரந்தத்தைச் சுமந்து செல்வதையும், வௌவால் குறைந்தால் டுரியான் காய்ப்பும் குறையக்கூடும் என்பதையும் அப்போது கற்பித்தால் அப்பிள்ளை மறக்குமா? கணக்குக்குச் செம்பனைக் குலை இருக்கிறது. தந்தை வெட்டிய குலைகளின் எண்ணிக்கையையும், டன்னுக்கு இவ்வளவு வெள்ளி என்னும் கூலியையும் வைத்து ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை கணக்குப் போட்டால், பின்னக் கணக்கோடு தந்தையின் முதுகுவலியும் சேர்ந்து விளங்கும். தமிழ்ப்பள்ளிகளுக்கென நடைபெறும் அறிவியல் விழாக்களில், வீட்டுப் பொருள்களைக் கொண்டே சோதனை செய்து காட்டி நம் சிறுவர் பரிசு பெறுகின்றனர். விழாவுக்கு ஒரு நாள் செய்வதை ஏன் வாரந்தோறும் செய்யக் கூடாது?

கருவியே வேண்டா என்று நாம் சொல்வதாகக் கொள்ளாதீர்கள். பெருந்தொற்றுக் காலம் நம் கண்முன் இருக்கிறது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது, பள்ளிகள் மூடப்பட்டன, பாடங்கள் இணையத்துக்குப் போயின. ஏறத்தாழ ஒன்பது இலட்சம் மாணவரைப் பற்றிக் கல்வியமைச்சு பெற்றோரிடம் கேட்டறிந்தபோது, நூற்றுக்கு 36.9 பேரிடம் எந்தக் கருவியும் இல்லை என்று தெரியவந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவானோரிடம் திறன்பேசி இருந்தது. மடிக்கணினி இருந்தவர் நூற்றுக்குப் பதின்மரும் இல்லை. கணக்கில் 'திறன்பேசி உண்டு' என்று எழுதப்பட்ட வீட்டின் நிலை யாது? ஒரே பேசி, பிள்ளைகள் மூவர், தந்தை அதிகாலையில் வேலைக்குப் போகும்போது அதுவும் சட்டைப்பையில் போய்விடும். பிற்பகலில் அவர் திரும்பிய பிறகுதான் காலை எட்டு மணிப் பாடத்தைப் புலனத்தில் திறந்து பார்க்க முடியும். தரவு தீர்ந்திருந்தால் அதுவும் இல்லை. பயிற்சித் தாள்களை அச்சிட்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்த ஆசிரியர்களால்தான் பல பிள்ளைகளுக்கு எழுத்து மறக்காமல் இருந்தது.

அவ்விரண்டு ஆண்டுகளில் கருவி இல்லாத பிள்ளை எவ்வாறு ஒதுக்கப்படும் என்பதை அறிந்தோம். கருவி இருந்தும் கேள்வி கேட்க ஆளில்லாத பிள்ளை எவ்வாறு தூங்கிவிடும் என்பதையும் அறிந்தோம். சுவரில் பதித்த மின்பலகை இவ்விரண்டில் எந்தக் குறையையும் தீர்க்காது. அது பள்ளியில் இருக்கும், வீட்டுக்கு வராது. ஒருவர் தொட, எழுவர் பார்ப்பர். பெரும்பாலும் தொடுபவர் ஆசிரியராகவே இருப்பார்.

கூட்டத்தில் செம்பனைத் தோட்டத்தில் பணிபுரியும் தந்தையொருவர் எழுந்து சொன்னதை இங்கே மறைக்காமல் எழுதுகிறோம். "நாங்கள்தான் நீட்டுக் கோலில் அரிவாளைக் கட்டிக் குலை வெட்டுகிறோம். எங்கள் பிள்ளையாவது கணினியைத் தட்டட்டும். அட்டை வெட்டவா நாங்கள் பள்ளிக்கு அனுப்புகிறோம்?" என்றார் அவர். பலர் தலையசைத்தனர். நியாயமான கேள்வி. நகரத்துப் பிள்ளைக்குக் கணினி, தோட்டத்துப் பிள்ளைக்கு மணல் என்று எவராவது பிரித்தால் நாமே முன்னின்று எதிர்ப்போம்.

ஆனால் ஐயா அவர்கள் கேட்டது பிள்ளை கணினியைத் தட்ட வேண்டும் என்றுதானே? மின்பலகையின் முன் பிள்ளை தட்டுவதில்லை, பார்க்கிறது. கணினி பிள்ளைக்குக் கட்டளையிடுவதைக் காட்டிலும், பிள்ளை கணினிக்குக் கட்டளையிடக் கற்க வேண்டும் என்று வாதிட்டவர் சீமோர் பாப்பர்ட் என்னும் கணித அறிஞர். சிறுவர்க்கென 'லோகோ' என்னும் கணினி மொழியை 1967இல் உருவாக்கியவர்களுள் அவரும் ஒருவர். அவ்வழியில் 2007இல் வெளிவந்த 'ஸ்கிராட்ச்' என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அதைக் கொண்டு பிள்ளை தானே ஒரு கதையை அசையவைக்கலாம்; ஒரு விளையாட்டை உருவாக்கலாம். தவறினால் மணலை அழிப்பதுபோல் அழித்து மீண்டும் செய்யலாம். இதற்கு எட்டுப் பேருக்கு நான்கு கைக்கணினி போதும். இருவர் சேர்ந்து செய்தால் பேச்சும் வளரும். கேட்டதற்கெல்லாம் விடை சொல்லும் செயற்கை நுண்ணறிவும் இப்போது கைப்பேசிக்குள் வந்துவிட்டது. விடை மலிந்துவிட்ட காலத்தில், நல்ல கேள்வி கேட்கத் தெரிந்த பிள்ளைக்கே மதிப்பு. வாய்திறந்து கேட்கும் பழக்கத்தை வகுப்பறைதான் தர வேண்டும்.

ஆகவே நம் கருத்து இது. நன்கொடைச் சீட்டு விற்பனை நடக்கட்டும். வரும் தொகையில் முதற்கண் கீழ்நிலை மூன்று ஆண்டுகளுக்கும் தமிழ், கணித அட்டைகளும் தாழ்ந்த கரும்பலகைகளும் செய்வோம். இருவருக்கு ஒன்றாக ஆறேழு கைக்கணினிகள் வாங்குவோம். வீட்டில் கருவி இல்லாத பிள்ளை வார இறுதியில் கையொப்பமிட்டு எடுத்துச் செல்லவும் வகை செய்வோம். பழுது பார்ப்பதற்கென ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது மிக இன்றியமையாதது. வாங்குவதற்கு விழா எடுக்கும் நாம், பழுது பார்ப்பதற்குப் பணம் வைப்பதில்லை. படம் வீழ்த்தும் கருவிக்கு ஒரு புதிய விளக்குப் போட்டால், அனைவரும் சேர்ந்து காண வேண்டிய காட்சிகளுக்கு இப்போதைக்கு அதுவே போதும். ஓராண்டு கழித்து, மின்பலகை இருந்தால் இன்னின்னதைச் செய்வோம் என்று ஆசிரியர்களே எழுதிக் கேட்பார்களாயின், அப்போது வாங்குவதை நாம் மறுக்க மாட்டோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. பிள்ளை வீடு திரும்பியதும், "இன்று என்ன எழுதிப்போட்டார்கள்?" என்று கேட்பதை விடுத்து, "இன்று நீ என்ன செய்தாய்? யாரை என்ன கேட்டாய்?" என்று வினவிப் பாருங்கள். முதல் வாரம் பிள்ளை விழிக்கும். பொறுத்திருங்கள். பள்ளி விளையாட்டறையாகிவிட்டதோ என்ற ஐயம் தோன்றினால், முன்னறிவிப்பின்றி ஒரு நாள் வகுப்புக்கு வந்து பாயில் உட்காருங்கள். கதவு திறந்தே இருக்கும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் பணி உண்டு. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்கள் முதலாம் ஆண்டுத் தம்பி தங்கையருக்கான எழுத்தட்டைகளை எழுதப் போகிறீர்கள். எழுத்துப் பிழையின்றி, பெரிதாக, வண்ணத்தில் எழுத வேண்டும். 'ன'வும் 'ண'வும் மாறினால் சிறியவர்கள் அதையே கற்றுக்கொள்வார்கள்.

அட்டைகள் செய்யும் பணி, பள்ளி திறந்து வரும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பள்ளி மண்டபத்தில் தொடங்கும். பசியாறப் பள்ளியிலேயே ஏற்பாடு செய்யப்படும். தடித்த அட்டையும் வண்ண மையும் சங்கம் வாங்கித்தரும். கத்தரிக்கோல் போதாது, வீட்டில் நல்லதாக இருப்பதைக் கொண்டு வாருங்கள், பெயர் எழுதி ஒட்டிவிட்டு.